நாரிப்பிடிப்புக்காரனுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அறுபத்திரண்டு வயதில் யோக வகுப்பில் சேர்ந்து, மூன்றாம் கிழமையே நாரிப்பிடிப்போடு படுத்துக்கிடக்கிறாய் என்று வாசித்தபோது இரக்கத்துக்கு முன் சிரிப்புத்தான் வந்தது, மன்னித்துக்கொள். அந்த வழியால் நானும் போய் வந்தவன்.

இருபத்துமூன்று வயதில், எனக்கு முதலில் சொல்லித்தந்தவர் பத்மாசனத்தில் என் முழங்காலை அழுத்தி இறக்கினார். 'டக்' என்றது. அதன்பின் ஒன்றரை வருடம் குந்தியிருக்க முடியாமல் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அவரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். வலியைப் பொறுப்பதே தவம் என்று நானும் நம்பினேன்.

1990களின் நடுவில் சென்னைக்குப் போய், யோக ஆசிரியர் தேசிகாச்சார், தன் தந்தையும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரில் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தில் சேர்ந்தபோது, எனக்குக் கிடைத்த முதற்பயிற்சி என்ன தெரியுமா? மல்லாந்து படுத்து, மூச்சை இழுத்தபடி கைகளைத் தலைக்குமேல் கொண்டுபோய், மூச்சை விட்டபடி இறக்குவது, ஆறு தடவை. இதற்கா கடல் கடந்து வந்தேன் என்று எரிச்சல்பட்டேன். ஆனால் கை அசையுமுன்பே மூச்சுத் தொடங்க வேண்டும், கை நின்ற பிறகே மூச்சு முடிய வேண்டும் என்றார்கள். செய்துபார், மூன்றாம் தடவையிலேயே கை முந்திவிடும்.

கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் துள்ளும் வயதுப் பையன்களுக்குக் கற்பித்த வரிசைகள் வேறு. பிற்காலத்தில் சென்னையில் நோயாளரைத் தனித்தனியே இருத்திக் கற்பித்தது வேறு. ஆசிரியர் ஒருவரேதான். உன் வகுப்பில், பையன்களுக்குரியதைப் பேரப்பிள்ளை கண்டவர்களுக்கும் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குக் கேட்டது உறுதியும் சுகமும். நம்மவர்கள் முதலாவதோடு நின்றுவிட்டார்கள்.

இப்போது விடிய ஐந்தரைக்கு என் விறாந்தையில் ஏழு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வாவியில் வீச்சுவலை எறிந்தே தோள் தேய்ந்தவர்; வலது கை காதுவரைகூட எழாது. கதிரையில் இருத்தி, முழங்கையை மடித்து, மூச்சு நோகாமல் ஓடும் உயரம்வரை மட்டும் தூக்கச் சொன்னேன். நாலாம் மாதம், நனைந்த சாரத்தைத் தானே கொடியில் எறிந்து காயப்போட்டார். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வலி கால்வழியே இறங்கினால் முதலில் வைத்தியரைப் பார். இல்லாவிட்டால், பிடிப்பு விட்டதும் பாயில் மல்லாந்து படுத்து, மூச்சை விடும்போது மட்டும் ஒரு முழங்காலை நெஞ்சுப்பக்கம் மெல்லக் கொண்டுவா, இழுக்காதே. எந்த இடத்தில் மூச்சுத் தட்டுகிறது என்று பார்த்து எழுது. மீதியை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்