மாப்ள, பறை அடிச்ச கதைய கேளு

மாப்ள,

எப்படிடா இருக்க, தங்கச்சி, பொண்ணு எல்லாம் சௌக்கியமா? எச்.எம் ஆனதுல இருந்து புள்ளைங்க விவரத்த எமிஸ் வெப்சைட்ல ஏத்து, மீட்டிங்குக்கு ஓடுன்னு பொழப்பு போகுது, அதான் பதில் போட லேட்டு. உங்க நாமக்கல் ஸ்கூல்ல கிரியேட்டிவிட்டிக்குன்னு தனி ரூம் கட்டுறாங்கன்னு எழுதியிருந்த, படிச்சு சிரிச்சேன், காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடி ஆரம்பிச்சா அந்த ரூமுக்கு புள்ளைங்க எப்படா போகும்?

இங்க எட்டாவதுல ஒருத்தன், எந்நேரமும் டெஸ்க்க தட்டிட்டே இருப்பான், கணக்கு டீச்சர் கம்ப்ளைன்ட் மேல கம்ப்ளைன்ட். கூப்பிட்டு கேட்டா அவங்க அப்பா பறை அடிக்கிறவராம், இவனும் கூட போவானாம். கலைத் திருவிழால அடிக்கிறியாடான்னேன், "வேணாம் சார், சாவு மேளம்னு ஓட்டுவாங்க"ன்னு குனிஞ்சுட்டான். சரி, அவன விட்டுட்டு அவங்க அப்பாவ வரவச்சேன், மேடைல சேர் போட்டு உக்காரவச்சு பசங்களுக்கு சொல்லிக்குடுங்கன்னேன். மனுஷன் போன வருஷத்து கொஸ்டின் பேப்பர கொளுத்தி தோல சூடு காட்டுனாரு (அதுக்காவது அது உதவுச்சு), தொய்ஞ்சு கெடந்தது கணீர்னு ஆச்சு, அப்புறம் அடிக்குச்சி எப்படி புடிக்கணும், சிண்டுக்குச்சி எப்படி புடிக்கணும்னு காட்டுனாரு பாரு, ஓட்டுன பயலுகளே முன்னாடி வந்து நின்னானுங்க. இப்ப அவனுங்களுக்கு இவன்தான் வாத்தியார்.

படிப்பு கெட்டுடும்னு ஸ்டாஃப் ரூம்ல முணுமுணுப்பு இருக்கு, இருக்கட்டும். என் ஆபீஸ் ரூம்ல உக்காந்து எவனுக்கும் திறமைய ஊட்ட முடியாதுடா, டைம் டேபிள காப்பாத்தலாம், அவ்ளோதான். ட்ராயிங் சார் 2012ல 5000 ரூபாய்க்கு சேர்ந்த பகுதிநேர ஆசிரியர், வாரத்துக்கு மூணு அரைநாள்தான் அவர் வேலையே, அந்த பீரியடையும் பத்தாவது சயின்ஸ் முடிக்கணும்னு கடன் வாங்கிட்டு போயிடுவாங்க, திருப்பி தந்த சரித்திரம் கிடையாது. இப்ப என் கையெழுத்து இல்லாம ஒரு பீரியடும் மாறாது, பிடி பீரியடும் சேர்த்துத்தான். ரிசல்ட் கொறைஞ்சா மேல போய் பதில் சொல்லிக்கிறேன், அதுக்குத்தான எனக்கு அந்த சீட்டு குடுத்திருக்காங்க.

உன் பொண்ணு ப்ளஸ் ஒன் வந்ததும் படம் வரையறத நிறுத்திட்டாளாமே, ஏன்டா, ப்ளஸ் ஒன் பப்ளிக்கதான் 2025லயே எடுத்துட்டாங்களே? லீவுக்கு இங்க அனுப்பு, ட்ராயிங் சார்கிட்ட ஒரு வாரம் இருக்கட்டும். அப்புறம் உங்க பக்கம் பறை கட்டித் தர்றவங்க யாராவது இருந்தா ரேட் கேட்டுச் சொல்லு, எங்களுக்கு ரெண்டு வேணும்.

உன் மாப்ள