ஏற்காடு ஹேமக் முகாம்: புதன்கிழமைக்குள் பதில் தேவை

வணக்கம் நண்பர்களே. ஜனவரி 10, சனிக்கிழமை இரவு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்குகிறோம். கூடாரம் கிடையாது, ஹேமக் (இரு மரங்களுக்கு இடையே கட்டும் தொங்கு படுக்கை) மட்டும். அன்று காலை 6 மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கூடுவோம். கொண்டுவர வேண்டியவையும் கவனிக்க வேண்டியவையும்:

1. மரத்தில் கட்ட ஒரு அங்குலமாவது அகலமுள்ள நாடா. கயிறு வேண்டாம், மரப்பட்டையை அறுத்துவிடும்.

2. முதுகுக்கு அடியில் ஃபோம் பாய் கட்டாயம். ஸ்லீப்பிங் பேக் உடம்புக்கு அடியில் நசுங்கிவிடும், குளிரைத் தடுக்காது. போன தடவை இதை நம்பாமல் விடியவிடிய நடுங்கினேன்!

3. நாடா சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கட்டும். அப்புறம், நேராகப் படுக்காமல் சற்றுக் குறுக்காகப் படுங்கள், முதுகு வளையாது.

4. தார்ப்பாய், கொசுவலை, டார்ச்.

வருபவர்கள் புதன் இரவு 9 மணிக்குள் 'வருகிறேன்' என்று போடுங்கள். ஹேமக் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள், என்னிடம் கூடுதலாக இரண்டு இருக்கின்றன.