மாத்திரையை நிறுத்திவிடாதே

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெருத்ததற்காகத் தந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையை இரண்டு வாரம் சாப்பிட்டும் பயனில்லை, நிறுத்தப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் மனத்தை உறுத்துகிறது. அவசரப்படாதே.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியம் மிகுந்த டி.எச்.டி. என்னும் ஹார்மோனாக மாற்றும் நொதி ஒன்று நம் உடலில் இருக்கிறது. வயதான காலத்தில் புராஸ்டேட் பெருப்பதற்கு அந்த டி.எச்.டி. முக்கியக் காரணம். உச்சந்தலையில் முடியின் வேர்களை நலியச் செய்வதும் அதுவே. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது; இரத்தத்தில் டி.எச்.டி. ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்துவிடுகிறது. இது விரைவில் நடந்துவிடும். ஆனால் பல ஆண்டுகளாகப் பெருத்த சுரப்பி சுருங்குவதற்கு ஆறு மாதமாவது வேண்டும். உன்னுடன் நடைப்பயிற்சிக்கு வருபவருக்குச் சில நாட்களிலேயே குணம் தெரிந்தது என்றாயே, அவர் சாப்பிடுவது டாம்சுலோசினாக இருக்கலாம். அது தசையைத் தளர்த்திச் சிறுநீருக்கு வழிவிடும், சுரப்பியைச் சுருக்காது.

இந்த மருந்துக்கு வழிகாட்டியவர்கள் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்து மனிதர்கள் என்பது என்னை மிகவும் நெகிழவைத்தது. பிறவியிலேயே அந்த நொதி குறைந்த சிலரைப் பற்றி 1974இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறந்தபோது பெண் குழந்தைகளாகக் கருதப்பட்டுப் பருவ வயதில் ஆண்களாக வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மருந்து பிறந்தது. அமெரிக்காவில் 1992இல் 5 மில்லிகிராம் மாத்திரை புராஸ்டேட்டுக்கும், 1997இல் 1 மில்லிகிராம் மாத்திரை முடி உதிர்வுக்கும் அனுமதி பெற்றன. உன் மகன் கேட்டது இரண்டாவதைத்தான். நிறுத்தினால் ஓராண்டுக்குள் பலன் போய்விடும் என்று அவனிடம் சொல்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. சில மாதங்கள் சாப்பிட்ட பிறகு புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையில் எண் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 3 என்று வந்தால் மருத்துவர் அதை 6 ஆகக் கொண்டு பார்க்க வேண்டும். அவருக்கு இந்த மாத்திரை பற்றித் தெரியாவிட்டால் புற்றுநோயின் அறிகுறி கண்ணில் படாமலே போகக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடு. குறைந்த எண் மறுபடி ஏறத் தொடங்கினாலும் உடனே காட்டு.

சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம், மார்பகத்தில் வலி தோன்றலாம். அப்படி ஏதேனும் இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் பேசு, நீயாக நிறுத்தாதே. மருமகள் மீண்டும் கருவுற்றிருக்கிறாள் என்றாய். உடைந்த மாத்திரையை அவள் தொடவே கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் ராகவன்