தலைவரின் தலையீடும் பயிற்சியாளரின் பதவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றுவது குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரை, பதவியிழந்தவர்களின் தோல்விக் கணக்கை விரிவாகச் சொன்னது. ஆனால் அவர்கள் கையில் அந்த அணியைக் கொடுத்தவர்கள் யார் என்று அது கேட்கவில்லை. அதைக் கேட்காமல் ஒரு பெரிய அணியின் சரிவைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு 2003-ஆம் ஆண்டின் ஸ்பெயின் கழகமான ரியல் மாட்ரிட்டே போதுமான சான்று.

அந்தக் கழகத்துக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும், பார்சிலோனாவிலிருந்து லூயிஸ் ஃபிகோவைக் கொண்டுவருவேன் என்று வாக்குறுதி அளித்து 2000-இல் வென்ற தொழிலதிபர் ஃபுளோரென்டினோ பெரெஸ், ஒரு முதலாளியைப் போலவே வீரர்களை வாங்குவதையும் விற்பதையும் தம் கையில் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜிதான், பிரேசிலின் ரொனால்டோ, பெக்காம் என்று ஆண்டுக்கொரு நட்சத்திரம் வந்தார். 1999 நவம்பரில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற விசென்தே டெல் போஸ்கே, பெக்காமுக்கு முன் வந்த இந்தப் பெரிய பெயர்களை ஓர் அணியாக ஆடவைத்தார்; தம் காலத்தில் மொத்தம் இரண்டு சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கழகங்களுக்கான முதன்மைப் போட்டி) பட்டங்களையும் இரண்டு லா லீகா (ஸ்பெயின் லீக்) பட்டங்களையும் வென்று கொடுத்தார். இரண்டாவது லா லீகாவை வென்ற மறுநாளே அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அறிவித்தார்கள். அணித்தலைவர் இயேரோவுக்கும் அதே கதிதான்.

அதைவிடப் பெரிய தவறு, அந்தக் கோடையில் நடுக்கள வீரர் குளோட் மக்கலேலேயை இங்கிலாந்தின் செல்சிக்கு விற்றது. தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று, எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, அருகில் நிற்கும் ஜிதானிடமோ ஃபிகோவிடமோ தள்ளிவிடுவதே அவர் வேலை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ராபர்டோ கார்லோஸ் அந்த ஓரத்தில் ஏறி ஓடும்போதெல்லாம், அவர் விட்டுச் சென்ற இடத்தை அடைக்க மக்கலேலே நகர்ந்துவிடுவார். கோல் அடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைக் காண்பது அரிது. அவர் இல்லாவிட்டால் அந்த நட்சத்திரங்கள் துணிந்து முன்னேறியிருக்கவும் முடியாது. மற்றவர்களைவிட மிகக் குறைந்த ஊதியம் பெற்றுவந்த அவர் உயர்வு கேட்டபோது, பெரெஸ் அதை மறுத்ததோடு அவருடைய ஆட்டத்திறனையும் வெளிப்படையாகக் குறைத்துப் பேசினார். அவருக்கு ஈடான ஒருவரையும் வாங்கவில்லை. வலது ஓரத்தில் ஆடிப் பழகிய பெக்காமை நடுக்களத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று.

இதற்கான விலையைக் கொடுத்தவர் புதிய பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ். 2003-04 பருவத்தில் நெடுநாள் முதலிடத்தில் இருந்த அணி, லீகின் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்துக்கு இறங்கியது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அதை வெளியேற்றிய மொனாக்கோவுக்காக இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்த மொரியென்டஸ், ரியல் மாட்ரிட்டே இரவலாக அனுப்பிவைத்திருந்த வீரர்! கெய்ரோஸ் நீக்கப்பட்டார். அடுத்து வந்த கமாச்சோ மூன்று லீக் ஆட்டங்களோடு தாமே விலகினார். பிறகு கார்சியா ரெமோன், லக்சம்பர்கோ, லோபஸ் காரோ. 2006 பிப்ரவரியில் பெரெஸ் பதவி விலகும்வரை மூன்று ஆண்டுகளுக்குள் ஐந்து பயிற்சியாளர்கள் வந்தும் லீக் பட்டமோ ஐரோப்பியப் பட்டமோ கிட்டவில்லை. வேண்டாம் என்று அனுப்பப்பட்ட டெல் போஸ்கே, 2010-இல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பையை வென்று கொடுத்தார்.

2009-இல் திரும்பி வந்த அதே பெரெஸின் காலத்தில்தானே சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் குவிந்தன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கும் 2015 நவம்பரைக் கவனிக்க வேண்டும். அப்போதைய பயிற்சியாளர் பெனிட்டஸின் அணி, தடுப்பு நடுக்கள வீரரான கேசமிரோவை வெளியே உட்காரவைத்து, நட்சத்திரங்களை நிரப்பிக்கொண்டு இறங்கி, சொந்த மைதானத்தில் பார்சிலோனாவிடம் 0-4 என்று தோற்றது. ஜனவரியில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அதே ஜிதான், அந்தப் பருவத்திலேயே கேசமிரோவை நிலையான வீரராக்கினார். விலை உயர்ந்த வீரர்கள் வெளியே காத்திருந்தபோதும் அந்த இடத்தை அவருக்கே கொடுத்தார். தொடர்ந்து மூன்று ஐரோப்பியப் பட்டங்கள் வந்தன. மக்கலேலேயுடன் ஆடிய ஒருவருக்கு அந்த இடத்தின் அருமை தெரிந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். அந்த முடிவை எடுக்கும் உரிமை பயிற்சியாளரிடம் இருந்ததே வேறுபாடு.

எனவே, இனி ஒரு பயிற்சியாளர் நீக்கப்பட்ட செய்தியை வெளியிடும்போது, அவர் கேட்ட வீரர்கள் யார், அவருக்குக் கிடைத்தவர்கள் யார், அதை முடிவுசெய்தவர் யார் என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.