டிரக் குதிரைகளோடு இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மா,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே. நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. போனில் சொன்னால் நம்பர்கள் காதோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

சுபாரு காரைக் கொடுத்துவிட்டு புது ஃபோர்டு எஃப்-150 டிரக் வாங்கி, வேலைக்கும் அதிலேயே போய், குதிரை டிரெய்லரையும் அதிலேயே இழுக்கலாமா, இல்லை சுபாரு இருக்கட்டும் என்று இழுப்பதற்கு மட்டும் பழைய பெரிய டிரக் ஒன்றைத் தனியாக வாங்குவதா என்று கேட்டிருந்தாய். தனியாகவே வாங்கு. எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். வேலைக்குப் பத்து நிமிடத்தில் போய்விடுகிறவர்களுக்கு, குதிரையை ஒரு லாயத்தில் விட்டுவைத்து எப்போதாவது வெளியே கூட்டிப் போகிறவர்களுக்கு, ஒரே டிரக் தாராளமாகப் போதும். உன் நிலைமை வேறு.

நீ இருப்பது கொலராடோவில் பெல்வியூவில், வேலை போல்டரில். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாய். உன்னிடம் ஒரே டிரக் இருந்தால் அது பகல் முழுக்க போல்டரில் ஏதோ ஒரு பார்க்கிங் லாட்டில் நிற்கும். குதிரைகளும் டிரெய்லரும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மாப்பிள்ளையும் ஐம்பது மைலுக்கு அப்பால் இருப்பார்கள். 2020 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மலையில் பிடித்த கேமரன் பீக் தீ மாதக்கணக்கில் எரிந்து 2 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. கொலராடோ வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அதுதான். அதிலாவது பல பேருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. 2021 டிசம்பர் 30 அன்று நீ வேலை பார்க்கிற ஊருக்குப் பக்கத்திலேயே, சுபீரியரிலும் லூயிவிலிலும், மார்ஷல் தீ பரவியபோது அந்த நேரம்கூடக் கிடைக்கவில்லை. காட்டில் இல்லை, காய்ந்த புல்வெளியில், பனிக்காலத்தில், புயல்போல அடித்த காற்றில் பரவிய தீ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அப்படி ஒரு நாளில் நீ போல்டரிலிருந்து டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்து சேர்வாய் என்பது நடக்கிற காரியம் இல்லை. ரோட்டை மூடிவிட்டால் உன்னை உள்ளேயே விடமாட்டார்கள்.

தீ வேண்டாம், அது வராமலே போகட்டும். கோலிக் வரும், அதாவது குதிரைக்கு வருகிற கடும் வயிற்றுவலி. குதிரை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குடல் முறுக்கிக்கொண்டால் ஆபரேஷனுக்கு எத்தனை சீக்கிரம் கொண்டுபோகிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டியின் கால்நடை ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்கு அவ்வளவு கிட்டத்தில், ஃபோர்ட் காலின்ஸிலேயே இருக்கிறது. உலகத்தில் எத்தனை பேருக்கு அந்த வசதி கிடைக்கும்? பக்கத்தில் அப்படி ஓர் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு இழுக்க வண்டி இல்லாமல் மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு நிற்கக்கூடாது. டிரெய்லர் இருக்கிற இடத்தில் டிரக் இருக்கவேண்டும். எனக்கு இதுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சரி, எஃப்-150 இழுக்காதா என்று கேட்பாய். இழுக்கும். விளம்பரத்தில் 11,000 பவுண்டு, அதற்கு மேலும் போட்டிருப்பார்கள். அந்த நம்பரைப் பார்க்காதே. டிரைவர் கதவைத் திற, தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். எல்லா வசதியும் வைத்த நாலு கதவு ஃபோர்-வீல் டிரைவ் வண்டியில் அது 1,450 என்று இருப்பது சாதாரணம். பனோரமா கண்ணாடிக் கூரை, தோல் சீட் என்று ஒவ்வொன்று சேரும்போதும் அந்த நம்பர் இறங்கும்.

இப்போது உன் கணக்கைப் போடுகிறேன். உன் இரட்டைக் குதிரை ஸ்டீல் டிரெய்லர் காலியாக 3,600 பவுண்டு என்று வை. குதிரைகள் இரண்டும் சேர்ந்து 2,200. சேணங்கள், புல்லுக்கட்டு, தீவனம், ரப்பர் பாய் எல்லாம் 600. ஆக 6,400. இந்த மாதிரி டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் ஹிட்ச் மேல், அதாவது பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இடத்தில், உட்காரவேண்டும், அதற்குக் குறைந்தால் டிரெய்லர் பின்னால் வாலாட்ட ஆரம்பித்துவிடும். அப்படியானால் 640 முதல் 960. நடுவில் 800 என்று எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் 350. நாய் 60. எடையைப் பகிர்கிற அந்த ஹிட்ச் சாமான் மட்டும் கிட்டத்தட்ட 100. குதிரைகளுக்காக டிரக்கின் பின்பக்கம் 20 காலன் தண்ணீர் வைத்தால் 170, ஒரு காலன் 8.3 பவுண்டுக்கு மேல். கூட்டிப்பார், 1,480 வருகிறது. விளம்பரத்தில் சொன்ன 11,000த்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதுமே ஸ்டிக்கரில் போட்ட வரம்பு முடிந்துவிட்டது. ஸ்பேர் டயருக்கு ஜாக்கி, டூல் பாக்ஸ் எதையும் நான் இன்னும் ஏற்றவில்லை.

முக்கால் டன் வண்டி, அதாவது எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 மாதிரி, பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் அதே ஸ்டிக்கரில் பெரும்பாலும் 2,500க்கு மேல் இருக்கும். பிரேக் பெரிது, ஆக்ஸில் பெரிது, டயர் கனமானது. குதிரை என்பது அசையாத சரக்கு இல்லையே. ஒன்று காலை மாற்றி மிதித்தால் டிரெய்லர் முழுக்க அசையும், அந்த அசைவு டிரக்கின் பின்புறத்துக்கு வரும். கனமான டிரக் அதைத் தாங்கிக்கொள்ளும்.

உயரமான இடத்தில் பழைய வண்டி திணறுமே என்று மாப்பிள்ளை கேட்டாராம். நியாயமான கேள்விதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீத பலத்தை இழக்கும். ஐ-70 ஹைவேயில் ஐசனோவர் குகைப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கே போகும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நீங்கள் எங்களைப் பார்க்க டெக்சாஸ் வரும் வழியில் ரேட்டன் கணவாய் 7,834 அடி. டர்போ வைத்த எஃப்-150 இந்த இடங்களில் இதைவிட வேகமாக ஏறும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்றத்தில் மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. வலது லேனில் 40 மைல் வேகத்தில் ஏறு. ஆபத்து இறக்கத்தில்தான். குகையைத் தாண்டி சில்வர்தார்ன் பக்கம் இறங்கும்போது, பிரேக் சூடேறிய லாரிகளுக்காகப் பக்கத்தில் சரளைக்கல் மேடு போட்டு வைத்திருக்கிறார்கள் பார், அது எதற்கு என்று யோசி. அங்கே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டும். கனமான டிரக்கின் அருமை அப்போது தெரியும்.

டீசல் வேண்டுமா என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2007க்குப் பிறகு வந்த டீசல் டிரக்குகளில் புகையை வடிகட்டுகிற ஃபில்டர் இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். தீவனக் கடைக்கும் வீட்டுக்கும் ஓடினால் அடைத்துக்கொள்ளும், ரிப்பேர் செலவு ஆயிரக்கணக்கில் போகும். எஞ்சினே கனமாக இருப்பதால் சில டீசல் வண்டிகளில் அந்த ஸ்டிக்கர் நம்பரும் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவு. மாதத்துக்குச் சில தடவை இழுக்கிற உனக்குப் பெட்ரோல் போதும்.

அப்புறம், மாப்பிள்ளையின் டொயோட்டா ஹைலேண்டரை இரண்டாவது இழுவை வண்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன், அந்த எண்ணமே வேண்டாம். அதற்கு அனுமதி அதிகபட்சம் 5,000 பவுண்டு. ஒரே ஒரு குதிரையை ஏற்றினாலும் உன் டிரெய்லர் 4,700 ஆகிவிடும், சேணமும் புல்லும் வைத்தால் வரம்பைத் தொட்டுவிடும். நீளம் குறைந்த, லேசான வண்டி. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும். எலெக்ட்ரிக் டிரக்கைப் பற்றியும் அவர் ஆசையாகப் பேசினார். இழுக்கிற பலம் அதில் நிறையவே உண்டு. ஆனால் டிரெய்லர் மாட்டினால் போகும் தூரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், பல சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் சார்ஜ் போடமுடியும். குதிரை உள்ளே இருக்கும்போது அதை எங்கே கழற்றி விடுவாய்?

உங்கள் டிரக் ரிப்பேருக்குப் போன நாளில் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு வண்டி வாங்கவேண்டாம், பக்கத்தில் குதிரை வைத்திருக்கிறவர்களோடு பேசி வை. அவர்கள் டிரக்கில் உன் டிரெய்லருக்குச் சரியான பந்து, அதாவது ஹிட்சில் டிரெய்லர் உட்காருகிற இரும்புக் குண்டு, இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு. அந்தப் பந்தைக் கவ்வுகிற உன் டிரெய்லரின் கப்ளர் 2 5/16 அங்குலம். 2 அங்குலப் பந்தின் மேல் அதை வைத்தாலும் மாட்டியது போலவே தெரியும், பூட்டும் விழும். முதல் மேட்டில் தூக்கிப்போட்டால் கழன்றுவிடும். ஹிட்சின் உயரமும் வண்டிக்கு வண்டி மாறும். டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டோ குனிந்துகொண்டோ நிற்கக்கூடாது, சமமாக நிற்கவேண்டும். அதனால் சரியான பந்து மாட்டிய ஹிட்ச் ஒன்றை நீயே வாங்கி லாயத்தில் தொங்கவிடு. அவர்கள் டிரக்கில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா, ஏழு பின் பிளக் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள். தனி டிரக் வைத்துக்கொள்வதில் எனக்குப் பிடித்ததும் இதுதான். எல்லாம் ஒரே தடவை சரியாகச் செட் பண்ணி அப்படியே விட்டுவிடலாம். குதிரைகளுக்கு எடுத்த கோகின்ஸ் ரத்த டெஸ்ட் சீட்டும், அவை உன்னுடையவைதான் என்று காட்டுகிற பிராண்ட் இன்ஸ்பெக்ஷன் பேப்பரும் கிளவ் பாக்ஸிலேயே கிடக்கும்.

பணத்துக்கு வருகிறேன். போய்வர 110 மைல், வருஷத்துக்கு 220 நாள் என்றால் 24,200 மைல். காலனுக்கு 15 மைல் தருகிற டிரக்கில் 1,600 காலன் ஆகும். 30 மைல் தருகிற சுபாருவில் 800. காலன் 3 டாலர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 2,400 டாலர் மிச்சம். பழைய டிரக்கின் இன்ஷூரன்ஸ் அதற்குள் அடங்கிவிடும். கொலராடோவில் வண்டிக்கு வயது ஏற ஏற ஓனர்ஷிப் டாக்ஸும் குறைந்துகொண்டே வரும். புது டிரக்கின் மாதத் தவணை இல்லை என்பது தனி நிம்மதி.

ஆனால் இரண்டு வண்டி வைத்துக்கொண்டு ஒன்றைச் சும்மா நிறுத்தி வைத்தால் அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிடும். நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், லாயத்து எலி ஒயரைக் கடிக்கும். டயர் பார்க்கப் புதிது போலவே இருக்கும், உள்ளே வயதாகியிருக்கும். டயர் பக்கவாட்டில் டிஓடி எழுத்துக்குப் பின்னால் கடைசி நாலு எண்ணைப் பார். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டிய டயரில் குதிரையை ஏற்றாதே, டிரெய்லர் டயருக்கும் இதேதான். வாரத்துக்கு ஒரு நாள் அந்த டிரக்கை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டவேண்டும். தீவனம் வாங்க, புல்லுக்கட்டு ஏற்ற, குப்பை கொட்ட அதிலேயே போங்கள். அந்த ஓட்டம் மாப்பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும். டிரெய்லரை மாட்டவும், ரிவர்ஸ் எடுக்கவும், குதிரைகளை ஏற்றவும் அவர் தனியாகவே பழகவேண்டும். நீ வீட்டில் இல்லாத நாளில்தான் தேவைப்படும் என்று சொன்னேனே, அவருக்கு ஓட்டத் தெரியாவிட்டால் டிரக் அங்கே நின்றும் பயனில்லை.

வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார். உங்கள் ஊரில் பனிக்குப் போடுகிற மெக்னீசியம் குளோரைடு சேஸிஸை அரித்துவிடும், முக்கியமாக ஹிட்ச் மாட்டியிருக்கிற இடத்தை. கியர் ஆயில் கருத்து, கருகிய வாடை வந்தால் விட்டுவிட்டு வந்துவிடு. வாங்கிய பிறகு ஐ-25இல் ஏதாவது ஒரு டிரக் ஸ்டாப்பில் கேட் (CAT) என்ற லாரி எடைமேடை இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் நாயும் ஏறிக்கொண்டு, முதலில் டிரக் மட்டும் ஒரு தடவை, குதிரைகளோடு டிரெய்லர் மாட்டி ஒரு தடவை எடை போடு. டிரக் ஆக்ஸில்களின் எடை எவ்வளவு கூடியதோ அதுதான் டிரெய்லரிலிருந்து டிரக் மேல் நிஜமாக விழுகிற எடை. நான் மேலே போட்டதெல்லாம் மதிப்பு, அந்தச் சீட்டில் இருப்பதுதான் கணக்கு. ரோட்டோர உதவிக்கு யூஎஸ்ரைடர் மாதிரி குதிரைக்காரர்களுக்கென்றே இருக்கிற திட்டத்தில் சேர்ந்துகொள். சாதாரணத் திட்டங்களில் பல, உள்ளே குதிரை இருக்கிற டிரெய்லரை இழுத்துப்போக மாட்டார்கள்.

நீ பார்த்துவைத்திருக்கிற ஒவ்வொரு டிரக்கின் கதவு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. டிரெய்லரில் எடை பொறித்த தகடு இருக்கும், அதையும் அனுப்பு. 3,600 என்று நான் வைத்தது சரியா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா