ஸ்க்ரூவுக்கு இனம் வேண்டாம், அளவு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகெலும்பு அறுவை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்திய வம்சாவளியினரின் எலும்பு சிறியது, ஆகவே நமக்கென்று தனி இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் திருகாணி, கம்பி போன்றவை) செய்ய வேண்டும் என்கிறது அது. முதல் பாதி சரி. இந்தியாவில் அளந்து பார்த்தவர்களும், மேலைநாட்டுச் சராசரியைவிட அங்கே சிறியதாக இருப்பதாகவே எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் பாதியோடுதான் எனக்கு வழக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல ஆண்டுகள் தியேட்டர் சிஸ்டராக, அதாவது அறுவை அரங்கின் செவிலியராக, ஸ்க்ரூ ட்ரேயை எடுத்துக் கொடுத்தவள் நான்.

முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கும் சிறு எலும்புத் தண்டுதான் பெடிக்கிள். 1960-களில் பிரான்சில் ருவா-காமீய் என்ற அறுவை மருத்துவர் பரவலாக்கிய முறைப்படி, அதற்குள் திருகாணியை இறக்கிக் கம்பியோடு பூட்டுகிறார்கள். இடுப்பில் ஐந்தாம் எலும்பில் தாராளமாக இடம் இருக்கும். நெஞ்சின் நடுவே, நான்கு முதல் ஆறாம் எலும்புவரை, சிலருக்கு 4 மி.மீ. அகலம்கூட இருக்காது. உட்சுவரைத் தாண்டினால் தண்டுவடம்.

ஒரு முறை, காசநோய் முதுகெலும்பை அரித்துவிட்ட ஒரு பாட்டியை மேஜையில் கிடத்தியிருந்தோம். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இது அபூர்வமான நோய் அல்ல. சிடி ஸ்கேனில் பெடிக்கிள் 4 மி.மீ.யைச் சற்றுத் தாண்டியிருந்தது. கம்பெனிக்காரர் கொண்டுவந்த ட்ரேயிலோ முதல் வரிசையே 5 மி.மீ. டாக்டர் ட்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் அந்த எலும்பை விட்டுவிட்டு மேலும் கீழும் கூடுதலாக ஓர் எலும்பைச் சேர்த்துப் பூட்டினார். கீறல் நீண்டது, முதுகு வளையும் இடம் குறைந்தது. அந்தப் பாட்டி தமிழர் அல்ல, ஜூலு இனத்தவர். வார்டில் எல்லோருக்கும் அவர் கோகோ, ஜூலு மொழியில் பாட்டி.

இங்கேதான் கட்டுரை தடம் மாறுகிறது. ஒரே இனத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும், நெட்டைக்கும் குட்டைக்கும் இருக்கிற வித்தியாசம் கொஞ்சமல்ல. இடுப்பில் ஐந்துக்குப் பதிலாக நான்கோ ஆறோ எலும்புகள் உள்ளவர்களும் உண்டு. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் கேஜ் என்ற தாங்கியும் அப்படித்தான். எலும்பின் தட்டு குழிந்திருக்க, கேஜின் முகம் தட்டையாக இருந்தால் சில புள்ளிகளில் மட்டும் பாரம் ஏறி அது எலும்புக்குள் இறங்கும். ரவிக்கை தைப்பவர் ஆளை அளக்கிறார், பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. நம் நாட்டில் மக்களை இனவாரியாகப் பிரித்த, 1950-இல் வந்து 1991-இல் ஒழிந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் கட்டங்களை, திரும்பவும் அறுவை அரங்கின் ட்ரேக்குள் கொண்டுவர வேண்டுமா?

முப்பரிமாண அச்சு பற்றியும் கட்டுரையாளர் ஆசை காட்டுகிறார். நம் நாட்டிலேயே புளூம்ஃபொன்டெயினில் அச்சிட்ட டைட்டானியம் தாடையை 2014-இல் கிம்பர்லியில் பொருத்தினார்கள். பெருமைதான். கட்டியை அகற்றிய இடத்துக்கு அது அருமையான வழி. நடு இரவில் விபத்தில் அடிபட்டு வருபவருக்கு அச்சிட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது? (டைட்டானியத் தாது நமக்குப் பக்கத்திலேயே ரிச்சர்ட்ஸ் பே மணலில் கிடைக்கிறது. உலகச் சந்தையில் அந்தத் தாதுவில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ட் நிறமியாகப் போகிறது!)

அளவுகளைச் சேர்க்கவும் எங்கும் அலைய வேண்டாம். ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட் எலும்புத் தொகுப்பு பெரியதுதான், ஆனால் அதில் இந்திய வம்சாவளியினர் மிகச் சொற்பம். நம் மருத்துவமனைகளில் சேமித்து வைத்திருக்கும் சிடி ஸ்கேன்களில் பெயரை நீக்கிவிட்டு அகலம், நீளம், சாய்வு மூன்றையும் அளந்தால் போதும். வடிவமைப்பவர்களுக்கு அதுதான் தேவை.

அதுவரை மாகாண சுகாதாரத் துறை டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: ஒவ்வொரு ட்ரேயிலும் 4 மி.மீ. முதல் எல்லா அளவும், குட்டை நீளங்களும் இருக்க வேண்டும். சின்னது அதிகம் விற்பதில்லை, அதனால் கொண்டுவரவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். ட்ரேயில் இல்லாதது எப்படி விற்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்