டிரெஸ்டன் படமும் நம் பழையபேட்டையும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதையனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூட்டு வலிதான் விட்டபாடில்லை. மா நன்றாகப் பூத்திருக்கிறது, பூ நின்றுவிட்டால் போதும்.

நீ ஓவிய வாத்தியார், அதனால் இதை உனக்குத்தான் எழுதவேண்டும். பெலோட்டோ என்ற வெனிஸ் ஓவியர் 1765-ல் செய்த செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றைப் பேரன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். ஊர், ஜெர்மனியின் டிரெஸ்டன். 1760 ஜூலையில் பிரஷ்யப் படை பீரங்கியால் அடித்ததில் அங்கே திருச்சிலுவைத் தேவாலயம் அழிந்துபோனது. மிஞ்சிய கோபுரமும் 1765-ல் பாதி சரிந்தது. அந்த மிச்சப் பாதிதான் படம். நெட்டுக்குத்தாகப் பிளந்து, உள்கட்டு வெளியே தெரிய நிற்கிறது. கீழே கல்லும் செங்கல்லும் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. ஆட்கள் ஏறி இடிக்கிறார்கள், ஊர் ஜனம் நின்று பார்க்கிறது.

அந்த பீரங்கி அடியில் பெலோட்டோவின் வீடும் போயிற்று. அவர் அப்போது ஊரில் இல்லை. வீட்டிலிருந்த செப்புத்தகடுகளும் அச்சுப்படங்களும் அதோடு போயின. அப்புறமும் அதே ஊருக்குத் திரும்பி வந்து, புதுத் தகடு எடுத்து, அந்த இடிபாட்டையே வரைந்திருக்கிறார் மனுஷர்! எனக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை.

நம்ம பக்கத்தை யோசித்துப் பார். 1791 நவம்பரில், திப்பு சுல்தானோடு நடந்த சண்டையில், ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் மேக்ஸ்வெல் நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கினான். அடிவாரத்துப் பேட்டை பிடிபட்டது, மேல்கோட்டை பிடிபடவில்லை. ஆட்களைப் பறிகொடுத்துத் திரும்பினான். அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், நம் பக்கம் அடங்கிய பாராமகால் சீமையே கம்பெனி கைக்குப் போனது. அந்த 1792-ல்தான் இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இந்த வழியாக வந்து இராயக்கோட்டையை வரைந்தார்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண் மலையிலேயே நின்றுவிடுகிறது. சண்டை நடந்த ராத்திரி பேட்டையில் யார் வீடு போனது, யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று காட்டும் படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பழையபேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் இப்போது இதுதான் மனதை அறுக்கிறது. நமக்கும் ஒரு பெலோட்டோ இருந்திருக்கக்கூடாதா?

சரி, உன்னிடம் ஒரு கேள்வி. பெலோட்டோ படத்தில் எத்தனை விதமான கறுப்பு! தகட்டை அமிலத்தில் ஒரே தடவை போட்டால் இது வராதே? மெல்லிய கோடுகளை மூடிவிட்டு, ஆழமாக அரிக்கவேண்டியதை மட்டும் மறுபடி மறுபடி போடுவார்களா? விவரமாக எழுது. படத்தை உன் மகன் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார்.

அன்புடன்,
சின்னசாமி